ஓசையற்ற வால்வு

பழைய அம்பாசடர் வண்டியை நம்பிப் பிழைக்கும் அன்பர் சிலர் நம்மிடம் ஒரு குறை கூறுவதுண்டு. நான்கு சிலிண்டர்களில் ஒன்று 'மிஸ்' ஆகிறது, வண்டி குலுங்குகிறது, பெட்ரோல் வீணாகிறது. பட்டறையில் பிளக்கை மாற்றுகின்றனர். பின்னர் கார்புரேட்டரைக் கழற்றுகின்றனர். பணம் கரைகிறது, குறையோ தீரவில்லை.

சிலிண்டர் உழைக்க மூன்று வேண்டும்: அளவாய்க் கலந்த பெட்ரோலும் காற்றும், உரிய நேரத்தில் தீப்பொறி, கசியாத அழுத்தம். முன்னிரண்டையும் யாவரும் நோக்குவர், மூன்றாவதை மறந்துவிடுவர்.

வால்வின் தண்டு சூட்டினால் நீளும். அதற்கு இடம் தரவே ராக்கருக்கும் தண்டின் முனைக்கும் நடுவே சிறு இடைவெளி வைத்துள்ளனர். இடைவெளி மிகுந்தால் 'டக் டக்' என ஓசை எழும், நாமும் விழித்துக்கொள்வோம். இடைவெளி அற்றுப்போனாலோ ஓசையே இராது. என்ஜின் அமைதியாய் ஓடுவதாக மகிழ்வோம். உண்மையில் வால்வு தன் பீடத்தில் முழுதும் படியாமல் அழுத்தம் கசிந்துகொண்டிருக்கும். புகை வெளியேறும் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் பீடத்தின் வழியே ஆற்றிக்கொள்கிறது. பீடத்தைச் சரிவரத் தொடாவிடில் அதன் விளிம்பு கருகும். பின்னர் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரும். ஓசையிடும் வால்வினும் ஓசையற்ற வால்வே அஞ்சத்தக்கது.

குறையுள்ள சிலிண்டரை அறிவது எளிது. என்ஜின் மெதுவாக ஓடுகையில், ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக நீக்கி மாட்டுக. எதனை நீக்கியும் ஓட்டம் மாறவில்லையோ, அதுவே உழைக்காத சிலிண்டர். அதன் பிளக்கை வேறொரு சிலிண்டரின் பிளக்குடன் மாற்றிப் பூட்டுக. குறையும் உடன் சென்றால் பிளக்கே காரணம். செல்லாவிடில் ஒயரையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் பார்த்தபின் வால்வை நோக்குக.

உத்தரபாராவில் 2014 வரை உருவான இவ்வண்டிகளுள், 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் உடையவற்றுக்கு எட்டு வால்வுகள். முன்னிருந்து எண்ணுக. எட்டாவது முழுதும் திறந்திருக்கையில் முதலாவதை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. இரண்டையும் கூட்டின் என்றும் ஒன்பது! கணக்கெழுதியே நாள் கழிக்கும் நமக்கு இவ்விதி மிகவும் பிடித்தது. பீலர் கேஜ் தகடு இலேசாகப் பிடித்து நழுவவேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். இறுக்குகையில் திருகு நகர்ந்துவிடுவதுண்டு. இடைவெளி எவ்வளவு, அளப்பது சூட்டிலா குளிரிலா என்பவற்றை வண்டியின் கைப்புத்தகத்தில் கண்டு அதன்படியே செய்க.

இனிப் பட்டறைக்குச் செல்லும் அன்பர்கள், புதுப் பிளக் வாங்குமுன், "வால்வு இடைவெளி பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்களாக. அக்கேள்விக்குச் செலவில்லை, கேளாமைக்கு உண்டு.