வெளிறிய முகமும் வெறுந்தேநீரும்

கலியாண வீடுகளில் மாமிமார் எங்களைப் பார்த்துச் சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு. "பிள்ளை நல்ல வெள்ளையா வந்திட்டா." சென்ற வருடம் எனக்கும் அது கிடைத்தது. உம்மாவுக்கு ஒரே பெருமை. ஒரு மாதம் கழியுமுன் காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழுந்தேன். இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 9.2 என்று வந்தது. என் வயதுப் பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மாமிமார் கண்டது வெள்ளை நிறமல்ல, இரத்தம் குறைந்த நிறம்.

அறிக்கையைப் பார்த்த வைத்தியர் முதலில் கேட்டது, "சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்றுதான். உம்மாவுக்கு மனம் நொந்துவிட்டது. "பிள்ளைக்கு நான் சாப்பாடு குடுக்கல்லையா?" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டு வந்தா. கொடுத்தவதான். முருங்கையிலை வறை, பருப்பு, கீரை எல்லாம் எங்கள் வீட்டில் குறைவில்லாமல் சமைக்கப்படுகிறது. புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வீட்டைத் திருத்தியபோது வாப்பா வேலியோரம் முதலில் நட்டதே ஒரு முருங்கைத் தடியைத்தான். ஆனால் சோற்றுக் கோப்பை காயுமுன் பிளேன்டீ வந்துவிடும்.

தேயிலையில் உள்ள தனின், தாவர உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக் கரையாத சேர்வையாக்கிவிடுகிறது. கரையாதது குடலால் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். 1975இல் தென்னாபிரிக்க மருத்துவர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதித்த உணவுகளுள் ஒன்று, சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும். எங்கள் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து அது அதிக தூரமில்லை. சமைத்த ஈமோகுளோபினிலிருந்து, அதாவது இறைச்சியிலும் ஈரலிலும் இருப்பது போன்ற இரும்பின் உறிஞ்சலைத் தேநீர் தடுக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே மரக்கறி அதிகமாகவும் இறைச்சி குறைவாகவும் உண்ணும் வீட்டுக்குத்தான் தேநீரால் நட்டம் கூட. தேநீரை விடச் சொல்லவில்லை. இந்த நாட்டில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட்டால் போதும்.

இன்னொன்று தேசிக்காய். விற்றமின் சி தாவர இரும்பை உடல் உறிஞ்ச உதவுகிறது. 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும் அதில் சிறு பங்குதான் இரத்தத்தைச் சேரும். வறையை இறக்கியபின் பாதித் தேசிக்காய் பிழிந்தால், அல்லது சாப்பிட்டு முடிய ஒரு கொய்யாப்பழம் தின்றால் அந்தப் பங்கு கூடும். கொய்யா கடையில் வாங்கவேண்டிய பழமும் அல்ல. பக்கத்து வளவில் அணில் தின்று விழுத்துவதே நிறைய.

பீட்ரூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சிவப்பாக இருப்பதால் அது இரத்தம் ஊறவைக்கும் என்று நம்பி, விழுந்த நாளிலிருந்து எனக்கு பீட்ரூட் சாறுதான். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பேரீச்சம்பழமும் அப்படியே: 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். நோன்பு திறக்கும்போது மூன்று பழம் உண்பது சுன்னத்தான நல்ல பழக்கம். அதை இரத்தசோகைக்கு மருந்தாக எண்ணிவிடக் கூடாது. ஆட்டீரலும் கோழியீரலும் இவற்றைவிடப் பல மடங்கு மேல். (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவோடு உண்ணவேண்டும், அதில் விற்றமின் ஏ மிக அதிகம்.)

ஈரல் என்றதும் எனக்கு நினைவு வருவது ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நான் அறிந்த பல வீடுகளில் ஈரல் கறி முதலில் வாப்பாவுக்கும் நானாமாருக்கும் போகிறது. "ஆம்பிளைப் பிள்ளை, ஓடியாடித் திரிகிறவன்" என்பது காரணம். 14 முதல் 18 வயது வரையான பெண்ணுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் இரும்பு வேண்டும், அதே வயது ஆணுக்கு 11 போதும் என்கிறது அமெரிக்க ஊட்டச்சத்து அட்டவணை. மாதந்தோறும் இரத்தம் இழப்பவள் அவள். அதிகம் தேவைப்படுகிறவளுக்குச் சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பு. இதை யாரும் வஞ்சகமாகச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். உம்மாமாரே தங்களுக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு அவர்களும் மூச்சிரைத்துக்கொண்டு படியேறுகிறார்கள்.

ஒரு பெண் கர்ப்பமானதும் எல்லாம் மாறிவிடும். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். இரும்பு மாத்திரை வரும், திரிபோஷா வரும், மாமியார் கூட ஈரல் வாங்கி அனுப்புவார். நல்லதுதான். ஆனால் எங்கள் இரத்தம் இன்னொருவரைச் சுமக்கும்போது மட்டும்தான் பெறுமதியானதா? உயர்தரப் படிப்பைச் சுமக்கவும் அது வேண்டும். இரும்பு குறைந்தால் களைப்பும் கவனக்குறைவும் வரும். கடந்த வருடம் இரசாயனவியல் பாடத்தில் தூங்கி விழுந்தபோது என்னைச் சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் அளவுக்குக் குறைந்துபோனால் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். யாரும் முன்பே சொல்லாததால் நான் பயந்து நான்கு நாள் நிறுத்திவிட்டேன். பாடசாலையில் தரும் இரும்பு மாத்திரையைச் சிலர் வீசிவிடுவதற்கும் இப்படியான பயமே காரணமாக இருக்கலாம். வயிற்றைப் பிரட்டினால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நிறுத்திவிடாதீர்கள். சுயமாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். தலசீமியா போன்ற வேறு காரணத்தால் வரும் இரத்தசோகைக்கு இரும்பு மருந்தல்ல. முதலில் பரிசோதனை. அதற்காக மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டால் உம்மாவைப் பார்க்காமல் நாங்களே பதில் சொல்லப் பழகவேண்டும்.

எங்கள் சிற்றுண்டிச்சாலைக்கும் ஒரு வேண்டுகோள். இடைவேளையில் ரோல்ஸும் தேநீரும் விற்கும் மேசையில் அவித்த கடலையும் தேசிக்காய்த் தண்ணீரும் வையுங்கள். முதல் ஆளாக நான் வாங்குகிறேன்.

மூன்று மாதத்தின் பின் எனக்கு 11.6. உம்மா இப்போது கேத்தலை மூன்றரை மணிக்குத்தான் அடுப்பில் வைக்கிறா. வாப்பா இன்னும் முணுமுணுக்கிறார்.