"சிங்க் ஆகேல்ல" எண்டா என்ன அர்த்தம்?

கம்பஸில் மின்னஞ்சல் பற்றி முறையிடப் போனால் இப்போது ஒரே பதில்தான். "சிங்க் ஆகேல்ல, இருபத்திநாலு மணித்தியாலம் பொறுங்கோ." கரண்ட் போயிட்டுது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வசனத்தோடுதான் சண்டை. அதைச் சொல்பவர்கள் அனேகமாக எதையும் பார்க்காமலே சொல்கிறார்கள்.

எங்கட கம்பஸில் அலுவலர்களின் மெயில் மைக்ரோசொப்டில், மாணவர்களின் மெயில் கூகிளில். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க ஒரு பொது முகவரிப் பட்டியல் வேணும். மூலப் பட்டியல் ஒரு இடத்தில் இருக்கும், அதைப் பார்த்து மற்ற இடங்களுக்குப் பிரதி எடுப்பார்கள். இவ்வளவுதான் சிங்க். பரீட்சை விண்ணப்பத்தின் முடிவுத் திகதி மாறிய அறிவித்தல் இந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் அனுப்பப்பட்டது. பட்டியலில் இல்லாத ஆக்கள் தாமதக் கட்டணம் கட்டினார்கள். பட்டியலைப் பராமரித்தவர்கள் ஒரு சதமும் கட்டவில்லை.

இருபத்திநாலு மணித்தியாலக் கதை முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. கணினியில் நிறுவிய அவுட்லுக் வழக்கமாகத் தன்னிடம் இறக்கி வைத்த பட்டியலைத்தான் காட்டும். அந்தப் பிரதி ஒரு நாளைக்கு ஒருதரம்தான் புதுப்பிக்கப்படும். பிரவுசரில் திறக்கிற அவுட்லுக் சேவரில் உள்ள பட்டியலை நேரே பார்க்கும். ஆகவே பிரவுசரில் பெயர் இருந்து கணினியில் இல்லாவிட்டால் பொறுக்கலாம். பிரவுசரிலும் இல்லையென்றால் இருபத்திநாலு நாள் பொறுத்தாலும் வராது. இதைப் பார்க்க இரண்டு நிமிசம் போதும். அந்த இரண்டு நிமிசத்தை எத்தனை பேருக்காகச் செலவழித்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்படியென்றால் பெயர் எங்கே நின்றது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முகவரிப் பட்டியல்கள் பேசும் எல்டாப் என்ற பொதுத் தராதரத்தின் 2006ஆம் ஆண்டு ஆவணம், 'ஆள்' என்ற பதிவுக்கு இரண்டு விசயம் கட்டாயம் என்கிறது: ஒரு பெயர், ஒரு குடும்பப் பெயர். குடும்பப் பெயர் இல்லாதவர் அந்தத் தராதரப்படி ஆளே இல்லை! எங்களில் கனபேருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கட பெயர் பின்னுக்கு. மைக்ரோசொப்டின் அக்டிவ் டிரெக்டரி அந்தப் பெட்டியை வெறுமையாக விட அனுமதிக்கும். கூகிளில் புதுக் கணக்குத் திறக்க அது கட்டாயம். ஒரு பக்கம் வெறுமையாக விட்ட பதிவு மறுபக்கம் போகும்போது இடையில் சிக்கிவிடும். பிழைப் பதிவேட்டில் ஒரு வரி விழும். அதை யாரும் திறந்து வாசிக்காவிட்டால் அந்த ஆள் அங்கேயே கிடப்பார். சில இடங்களில் இதைச் சமாளிக்க ஒரு புள்ளியைப் போட்டு நிரப்புகிறார்கள். புள்ளியைக் குடும்பப் பெயராகக் கொண்ட பரம்பரை ஒன்று இப்படித்தான் உருவாகிறது.

திருத்தச் சொன்னால் கூகிள் பக்கம் போய்க் கையால் திருத்துவார்கள். அடுத்த முறை பிரதி எடுக்கும்போது மூலத்தில் உள்ள பழைய எழுத்து மேலே வந்து ஏறும். பிறகு, "நாங்க திருத்தினாங்கள், சிஸ்டம்தான் மாத்திப்போட்டுது" என்பார்கள். சிஸ்டம் தனக்குச் சொன்ன வேலையைத்தான் செய்தது. மூலத்தில் கை வைக்க வேண்டும். மூலம் யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேட்டால், பதிவாளர் பகுதி கணினிப் பிரிவைக் காட்டும், கணினிப் பிரிவு பதிவாளர் பகுதியைக் காட்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. பட்டியலில் பெயர் தெரியுது, மெயில் மட்டும் திரும்பி வருது. ஒரு தொடர்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் எக்ஸ்சேஞ்ச் அதற்கு உள்ளுக்குள் வேறொரு அடையாளம் கொடுக்கும். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் அவுட்லுக் நீட்டுகிற பெயரோ பழைய அடையாளத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். திரும்பி வரும் கடிதத்தில் ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்கும் நீண்ட சரம் இருந்தால் சங்கதி இதுதான். நீட்டிய பெயரை அழித்துவிட்டுப் பட்டியலில் இருந்து புதிதாகத் தெரிவு செய்தால் சரி. இதற்கும் "சிங்க் ஆகேல்ல" என்றே சொல்கிறார்கள்.

"தெரியாமல் விடுபட்டுப்போச்சு" என்பவர்களுக்கு ஒரு தகவல். மைக்ரோசொப்டின் ஒத்திசைவுக் கருவி, ஒரே தடவையில் 500க்கு மேற்பட்ட பதிவுகளை அழிக்கப் போனால்தான் தானாக நிற்கும். தொடக்க அமைப்பு அப்படி. எங்கட பட்ச்சில் நாற்பது பேர் காணாமல் போனால் அதற்கு அது சாதாரண நாள். நாற்பது பேரைக் கவனிக்கச் சம்பளம் வாங்குகிற மனிசர்தான் வேணும்.

இப்ப வரிசையில் நிற்கிற ஆக்களுக்கு: "பொறுங்கோ" என்று சொன்ன திகதியை எழுத்தில் வாங்குங்கோ. பிரவுசரில் பெயர் வருதா, பிழைப் பதிவேட்டில் என்ன கிடக்குது, மூலத்தில் குடும்பப் பெயர்ப் பெட்டியில் என்ன இருக்குது என்று மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கோ. அழிபட்ட கணக்கை மீட்கக் கூகிள் தருவது 20 நாள், மைக்ரோசொப்ட் 30 நாள். நீங்கள் பொறுத்துக்கொண்டிருக்கிற நாளும் அதற்குள்தான் கழியுது.