மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டிக்கச் சொல்லி ராஜாவைத் திவாலாக்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலகையில் 64 கட்டம். கூடவே மூன்றே மூன்று கட்டம் ஒட்டி 67 ஆக்கினால் மொத்த நெல் எத்தனை? 147573952589676412927. அதாவது, 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. (எந்த பட்ஜெட்டிலும் இவ்வளவு துண்டு விழுந்ததில்லை.)

1644-ல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இந்த ஜாதி எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். பகா எண் என்றால் 7, 13, 31 மாதிரி. ஒன்றும் தானும் தவிர வேறு எதற்கும் மசியாத ஆசாமி. பட்டியலில் நம் எண்ணும் இருந்தது. 232 வருஷம் கழித்து, 1876-ல் எட்வார்ட் லூக்கா, 'இது பகா எண் இல்லை, உடையும்' என்று நிரூபித்தார். எந்த எண்களாக உடையும்? அதை அவர் சொல்லவில்லை! வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று சத்தியம் பண்ணிவிட்டு, எந்த ரூம் என்று சொல்லாமல் போன மாதிரி.

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் எழுந்து வந்தார். வாயே திறக்கவில்லை என்பார்கள். கரும்பலகையில் 193707721, 761838257287 இரண்டையும் எழுதி நிதானமாகப் பெருக்கினார். அதே 21 இலக்கம்! பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரே கைதட்டல். இதற்கு எத்தனை நாள் ஆச்சு என்று பிற்பாடு கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். நமக்கு ஒரு ஞாயிறு துணி துவைக்கவே சரியாகப் போகிறது.

மனுஷர் குருட்டாம்போக்கில் தேடவில்லை. 67 ஒரு பகா எண் என்பதால், நம் எண்ணை வகுக்கும் எந்த எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் மிச்சம் 134-ஆல் வகுபட்டே ஆகவேண்டும். 193707721-ல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள். பிசிறில்லாமல் 1445580 வரும். இதற்கு மேலும் நுணுக்கமான சல்லடைகள் போட்டுத்தான் பிடித்தார்.

"இதனால காலணா பிரயோஜனம் உண்டா ஸார்?" என்றார் பக்கத்து சீட் நண்பர்.

உண்டு. பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம். இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியப் பூட்டைச் செய்தார்கள். இன்டர்நெட்டில் இன்றைக்கும் பல இடங்களில் தொங்குவது அதுதான். கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் உடைத்துவிடும். அதனால் பூட்டுகளில் 600 இலக்கத்துக்கு மேல் போடுகிறார்கள். ஆனால், பெரிய குவான்டம் கம்ப்யூட்டர் ஒன்று வந்துவிட்டால் அதுவும் உடையும் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். மாற்றுப் பூட்டுகள் இப்போதே தயாராகின்றன.

நண்பர் முகம் வெளுத்தது. "அப்ப என் பேங்க் அக்கவுன்ட்?"

"இருபதாம் தேதிக்கு மேல் அதுக்குப் பூட்டே தேவையில்லையே ஸார்!" என்றேன்.