கையெழுத்திட ஆளில்லாத கடவுள்

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஆகுபெயர் நடத்திக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்திருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, வேதாந்தா என்பது செம்புக்கு வடமொழிப் பெயருங்களா?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் ஊரில் அச்சொல்லை அவன் கேட்டதெல்லாம் செம்பாலையோடும், ஆலைப் புகையோடும், 2018 மே 22, 23 ஆகிய நாள்களில் காவல்துறையின் குண்டுகளுக்கு இரையான பதின்மூன்று உயிர்களோடும் சேர்த்தே. அவனுக்கு அது செம்பின் பெயராகத்தானே இருக்க முடியும்? ஆகுபெயருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை எந்த இலக்கண நூலிலும் யான் கண்டதில்லை.

வேதத்தின் முடிபு என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வர். உலகம் வெறுந்தோற்றம், பொருட்பற்றை விடுக என்று அதன் பெயரால் ஒரு சாரார் நமக்கு நெடுங்காலம் ஓதிவந்தனர். அதே பெயரைச் சூட்டிக்கொண்ட பெருங்குழுமம் 2003ஆம் ஆண்டு இலண்டன் பங்குச் சந்தையில் தன்னைப் பதிந்துகொண்டு, செம்பும் துத்தநாகமும் அலுமினியமும் தோண்டியெடுத்து உருக்கி விற்றது. உலகெல்லாம் பொய், மண்ணுக்கடியில் இருப்பது மட்டும் மெய் போலும்! இப்பெயர்ப் பொருத்தம் நகைப்புக்குரியதாயினும், நகைத்துவிட்டு விட்டுவிடத் தக்கதன்று. மதமும் பன்னாட்டு வணிகமும் இக்காலத்தில் எவ்வாறு ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நடக்கின்றன என்பதையும், எந்த இடத்தில் அவற்றால் அவ்வாறு நடக்க முடியாமற் போயிற்று என்பதையும், இவ்வொரு குழுமத்தின் கதையைக் கொண்டே காட்டிவிடலாம்.

ஒடிசா மாநிலத்தில் இராயகடா, கலாகண்டி மாவட்டங்களை ஒட்டி ஒரு மலைத்தொடர் உள்ளது. ஏட்டில் அதன் பெயர் நியம்கிரி. (அரசினர் ஏட்டில் ஏறும்போது நம் இனத்தார் மலைகளெல்லாம் 'கிரி'யாகிவிடுவது புதிதன்று.) அங்கு வாழும் தோங்கிரியா கோண்டர் ஏறத்தாழ எண்ணாயிரவர். அவர்கள் பேசும் குவி மொழி திரவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கு அவர்கள் வழங்கும் சொல் நம் கண்ணையே ஒத்தது. எழுத்தில்லை, பொத்தகம் இல்லை. மலையுச்சியில் உறையும் நியமராசன் என்னும் அரசத் தெய்வமே தங்கள் முன்னோன் என்றும், மலை அவனுடையது என்றும் நம்புவோர். உச்சிக்காட்டில் மரம் வெட்டுவது அவர்களிடையே விலக்கப்பட்டது. மலைநிலத்திற்குச் சேயோனைத் தெய்வமாக வகுத்த தொல்காப்பியம் படித்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அம்மலையின் தலையில் 7 கோடி டன்னுக்கு மேல் பாக்சைட்டு எனப்படும் செம்மண்கல் படிந்துள்ளது. அலுமினியத்திற்கு மூலம் அதுவே. அது வெறுங்கல்லன்று. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிட்டு ஓடைகளை வற்றாமற் காப்பது அதுதான். ஆண்டொன்றுக்கு 30 இலக்கம் டன் வீதம் வெட்டுவது குழுமத்தாரின் திட்டம். அவ்வாறு வெட்டினால் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் மலையின் தலை தீர்ந்துபோம். ஓடைகளின் கதி என்னாகும் என்பது திட்ட அறிக்கையின் தலையாய கேள்வியாக இருந்ததில்லை. வெட்டுவதற்கு இசைவு வருமுன்னரே மலையடியில் இலாஞ்சிகர் என்னும் இடத்தில் ஆலையைக் கட்டியும் முடித்துவிட்டனர். பெண் பார்க்கும் முன்னரே பந்தல் போட்ட கதை!

இனி மதத்தலைமைகள் என்ன செய்தன என்று பார்ப்போம்.

முதலில் இங்கிலாந்துத் திருஅவை. அரசியையும் அரசனையும் தலைமையாகக் கொண்ட அத்திருஅவை, இக்குழுமத்தின் பங்குகளை வைத்திருந்தது. ஒடிசாவின் மலையுச்சியில் ஒரு தெய்வத்தின் தலையை வெட்டி வரும் ஆதாயத்தில் ஒரு துளி, ஞாயிறுதோறும் அன்பையும் ஈகையையும் ஓதுவோரின் ஓய்வூதியத்திற்குச் சேருமாறு உலக வணிகம் வழிவகுத்திருந்தது. எதிர்ப்பு வலுத்த பின் 2010 பிப்புரவரியில், மாந்த உரிமைகளையும் அப்பகுதி மக்களையும் இக்குழுமம் தாம் எதிர்பார்க்கும் அளவிற்கு மதிக்கவில்லையென்று கூறி, 38 இலக்கம் பவுன் பெறுமான பங்குகளை அது விற்றுவிட்டது. விற்றதைப் பாராட்டுவோம்; ஒருவர் செய்த நல்லதை மறைப்பது நமக்கு வழக்கமன்று. ஆயினும் நார்வே நாட்டு அரசின் ஓய்வூதிய வைப்பகம் கடவுளின் பெயரை இழுக்காமலே 2007ஆம் ஆண்டே இதனைத் தன் பட்டியலினின்று நீக்கிவிட்டது. கணக்கர் கண்டுகொண்டதைக் குருமார் காண ஈராண்டுக்கு மேலாயிற்று.

அடுத்து, நம் நாட்டுச் சாமியார்கள். தூத்துக்குடியில் பதின்மூவர் வீழ்ந்து ஒரு திங்கள் கழிந்திருந்தது. 2018 சூனில் ஓகப் பயிற்சியாலும் மருந்து வணிகத்தாலும் பேர்பெற்ற இராம்தேவ் இலண்டனில் அக்குழுமத் தலைவரைக் கண்டு, நாட்டை வளர்ப்பவர் என்று போற்றிவிட்டு, தொழிற்சாலைகள் வளர்ச்சியின் கோயில்கள், அவற்றை மூடக்கூடாது என்று உலகறியச் சொன்னார். அறியாத மக்களை அயல்நாட்டுச் சூழ்ச்சியார் தூண்டிவிட்டனராம்! ஓரிரு நாள்களில் கோவையை அடுத்து ஈசனின் பெயரால் நிலையம் நடத்தும் சக்கி வாசுதேவும், தாம் செம்புருக்கும் தொழிலில் வல்லுநர் அல்லர் என்று ஒப்புக்கொண்டே, பெருந்தொழில்களைக் கொல்வது நாட்டின் பொருளியல் தற்கொலை என்றார். கொலையுண்டவர் எவர் என்பதில் அவருக்கு ஏற்பட்ட மயக்கத்தைக் கவனியுங்கள். மூச்சை அடக்கக் கற்பிக்கும் இருவர்க்கும், மூச்சுத் திணறிய ஊரின் மூச்சைப் பற்றிச் சொல்ல ஒரு சொல்லும் கிட்டவில்லை.

இவர்களைத் திட்டுவது எளிது. திட்டித் தீர்வது நம் தாளிகைகளுக்கு வழக்கமுந்தான். ஆனால் ஏன் இவ்வாறு நேர்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல நூறு ஏக்கர் நிலமும், பல நாடுகளில் கிளையும், மருந்தும் மாவும் விற்கும் கடைகளும், வைப்பகத்தில் வைப்புத்தொகையும் உடைய மதத்தலைமை, தானே ஒரு பெருங்குழுமம். அது மற்றொரு பெருங்குழுமத்தைக் கண்டால் உறவு கொண்டாடுமேயன்றிப் பகைகொள்ளாது. அருளாளர் கெட்டுப்போய்விட்டார் என்று வருந்துவார் வருந்துக. அவர் இருக்கும் இருக்கை அத்தகையது என்பதே என் கருத்து.

அத்தகைய இருக்கையே இல்லாத ஓரிடத்தில் நடந்தது என்ன? குழுமத்தார் ஒடிசா அரசின் சுரங்கக் கழகத்தோடு கையெழுத்திட்டனர். அரசோடு உடன்படிக்கை செய்தனர். ஆனால் நியமராசன் சார்பில் கையெழுத்திட எவருமில்லை. ஊர்தோறும் சானி எனப்படும் பூசகர் உண்டு. பேசுனி எனப்படும் சாமியாடிப் பெண்டிர் உண்டு. ஓர் ஊர்ப் பூசகர் சொல் அடுத்த ஊரைக் கட்டாது. மடமில்லை; மடத்தலைவரில்லை; அறங்காவலர் குழுவில்லை. எவரை அழைத்து விருந்து வைப்பது? எவர்க்குப் பொன்னாடை போர்த்துவது? எவர் பெயரில் காசோலை எழுதுவது?

வழக்கு உச்ச நயன்மன்றம் சென்றது. 2008இல் அம்மன்றமே சுரங்கத்திற்கு வழிவிட்டிருந்தது. 2010 ஆகத்தில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்டிசைவை மறுத்தது. சுரங்கக் கழகம் மீண்டும் வழக்காடிற்று. 2013 ஏப்பிரல் 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது: மலைவாணரின் வழிபாட்டுரிமை காக்கப்பட வேண்டும், சுரங்கத்தால் அவ்வுரிமையும், 2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் தந்த பிற உரிமைகளும் கெடுமா என்பதை ஊர்மன்றங்களே ஆய்ந்து சொல்ல வேண்டும். வெட்டப்படும் இடம் தெய்வம் உறையும் உச்சிக்குப் பத்துக் கிலோமீட்டர் அப்பால் உள்ளதே, அதனால் உச்சிக்குக் கேடுண்டா என்பதும் ஊர்மன்றங்கள் விடைகூற வேண்டிய கேள்விகளுள் ஒன்று. கடவுளுக்கு எல்லைக்கல் நாட்டி அளக்கும் கேள்வி! மலையிலும் சாரலிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டைத் தேர்ந்தது. மாவட்ட நடுவர் நிலையிலுள்ளார் முன்னிலையில் சூலை, ஆகத்துத் திங்கள்களில் ஊர்மன்றங்கள் கூடின. உச்சி மட்டுமன்று, மலை முழுதும் தெய்வமே என்றனர் ஊரார். பன்னிரண்டு ஊரும் வேண்டா என்றே சொல்லின. 2014 சனவரியில் அமைச்சகம் திட்டத்தைத் தள்ளியது. சுரங்கக் கழகம் 2016இல் மீண்டும் முயன்று தோற்றது.

இவ்விடத்தில் நம் பகுத்தறிவுத் தோழர்கள் சிலர் முகஞ்சுளிப்பதை யான் அறிவேன். "மலையைக் கடவுள் என்பது அறியாமை அன்றோ? அதனை நாமும் போற்றுவதா?" என்பர். அவர்கட்கு என் விடை இதுதான். அம்மக்கள் தங்கள் நிலமும் நீரும் உணவும் போகும் என்றுதான் முதலிலிருந்தே கூவினர். நிலத்திற்கும் நீருக்கும் இழப்பீடு கணிக்க அரசிடம் அட்டவணை உண்டு. இத்தனை ஏக்கருக்கு இத்தனை உருபா, வீட்டுக்கு ஒரு வேலை என்று கணக்கை முடித்துவிடுவர். தெய்வத்திற்கு அட்டவணையில் விலையில்லை. விலை குறிக்கவியலாத ஒன்றைச் சட்டத்தின் முன் சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே சொல் அது. பசியைச் சொன்னால் செவிசாய்க்காத மன்றம் கடவுளைச் சொன்னால்தான் செவிசாய்க்கும் என்பது நாணத்தக்கதே. அந்நாணம் மன்றத்தைச் சாரும், மலைவாணரைச் சாராது. கடவுள் மறுப்பாளர் எதிர்த்து வந்தது மதத்தின் பெயரால் மாந்தனை அடக்கும் தலைமையை. அத்தலைமை இல்லாத மலையில் அவர் எதனை மறுக்கப் போகிறார்?

வெற்றி நிலையானது என்று எவரும் மயங்க வேண்டா. இலாஞ்சிகர் ஆலை மூடப்படவில்லை. வேறிடத்துக் கல்லைக் கொணர்ந்து ஓட்டுகின்றனர். 2023இல் அதே வட்டாரத்துச் சிசிமாலி மலையின் சுரங்க ஏலம் அதே குழுமத்தின் பக்கம் சென்றது. அங்குள்ள மக்களும் எதிர்த்து நிற்கின்றனர். சிசிமாலி, பாப்லிமாலி, குத்துருமாலி என்று அப்பக்கத்து மலைப்பெயர்களின் ஈற்றைக் கேட்கும்போது நம் 'மலை' காதில் விழாமல் எவ்வாறு இருக்கும்?

தொலைவிலுள்ள மலையைப் பற்றி நமக்கென்ன என்பாரும் உளர். 2024 நவம்பரில் மதுரை மேலூரை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதியில், ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கரில் தங்குதன் எடுக்கும் உரிமையை நடுவணரசு வழங்கியது யாருக்குத் தெரியுமா? இந்துசுத்தான் சிங்கு நிறுவனத்திற்கு. அது வேதாந்தாவின் கிளை. ஈராயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டும், சமணர் படுக்கையும், பாண்டியர் காலத்துக் குடைவரையும் உள்ள குன்றுகள். 2022இல் தமிழக அரசே பல்லுயிர் மரபிடமாக அறிவித்த ஊர். ஊர்மன்றங்கள் மறுத்துத் தீர்மானம் இயற்றின. சட்டமன்றமும் திசம்பரில் தீர்மானம் இயற்றிற்று. 2025 சனவரியில் பல்லாயிரவர் மதுரைக்கு நடந்தே சென்றனர். அத்திங்கள் 23ஆம் நாள் ஏலம் நீக்கப்பட்டது. அங்கும் முன்னின்றவர் ஊரார். ஆற்றுப்பாய்ச்சலையும் கண்மாயையும் ஊர்த்தெய்வத்தையும் ஒரே மூச்சில் பேசும் உழவர்கள் அவர்கள்.

இதனை எழுதும்போது என் தாயூர் அய்யனார் நினைவில் வந்து நிற்கிறார். யான் சிறுவனாயிருந்தபோது அவருக்குக் கூரையில்லை. கரட்டடியில் வேம்பும் ஆத்தியும் அடர்ந்த கோயிற்காடு, வேளார் செய்து வைத்த மண்குதிரைகள், ஆண்டுக்கொரு பொங்கல். காட்டில் விறகொடிக்கக் கூட ஊரார் அஞ்சுவர். பின்பு நகரத்திலிருந்து செல்வர் சிலர் வந்து, சாமி வெயிலில் நிற்கிறாரே என்று இரங்கி, கோபுரம் எடுத்து, வடமொழியில் மந்திரம் ஓதுவாரைக் கொணர்ந்து குடமுழுக்குச் செய்தனர். பூசை செய்துவந்த வேளார் வெளியே நின்றார். கோயிலுக்கு அறங்காவலர் குழு ஒன்று அமைந்தது. தலைவர், செயலர், பொருளாளர், முத்திரை, வைப்பகக் கணக்கு எல்லாம் உண்டாயின. ஊரில் பலர் மகிழ்ந்தனர். யானும் அன்று நன்கொடை கொடுத்தவன்தான்; மறைப்பானேன்?

பத்தாண்டு கழித்துக் கல்லுடைக்கும் நிறுவனம் ஒன்று கரட்டைக் கேட்டு வந்தது. முன்னெல்லாம் அப்படி ஒருவன் வந்திருந்தால் ஊர் முழுதையும் கேட்க வேண்டியிருந்திருக்கும். ஊர் முழுதும் ஒருநாளும் ஒப்பியிராது. இப்பொழுது குழுவைக் கேட்டால் போதுமானதாயிற்று. திருப்பணிக்கென்று ஒரு தொகை கணக்கில் ஏறியது, கையெழுத்து விழுந்தது. கோயிற்காட்டில் பாதி போயிற்று. கரட்டின் கிழக்குப் பக்கம் இப்பொழுது பள்ளம். மண்குதிரைகள் தார்ச்சாலை ஓரத்தில் தூசு படிந்து நிற்கின்றன. கல்லேற்றிச் செல்லும் சரக்குந்து ஓட்டுநர்கள் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தி, வழித்துணைக்கு வேண்டிக்கொண்டு, புதுக் கோபுரத்தின் உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போகின்றனர்.