முதல் இரவுக்குப் பின்

தெல்தெனிய மக்களுக்கு இடம்பெயர்வு என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய பட்டினமும் வயல்களும் நீரில் மூழ்கின. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல லயங்களை விட்டு ஓடின. 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

1983இல் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் உண்டு. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஆயினும், முதல் இரவு கழிந்த பின் அரிசிக்கும் விதைநெல்லுக்கும் காணிக்கும் யார் பொறுப்பு?

இதற்கு விடை தேடியவர்கள் காந்தியம் அமைப்பினர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் அதை நடத்தினர். 1977 வன்செயலில் ஓடிவந்த தோட்ட மக்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தி விவசாயிகளாக்க உழைத்தனர். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தலைவர்கள் போனதும் வேலை முடங்கியது. குடியேறியவர்கள் ஆதரவின்றி நின்றார்கள்.

இதே சோதனை இத்தாலியிலும் வந்தது. யூத அகதிகளுக்கு உதவ 1939இல் ஜெனோவா நகரில் 'டெலாசெம்' என்ற யூத அமைப்பு உருவானது. 1943 செப்டம்பரில் ஜேர்மன் படை நாட்டைப் பிடித்ததும் அதன் ஊழியரே வேட்டையாடப்பட்டனர். அப்போது அதன் தலைவர் வலோப்ரா, நகரப் பேராயர் கர்தினால் பொயெத்தோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பேராயரின் செயலாளர் ரெபெத்தோ அடிகளார் பணத்தையும் மறைவிடங்களையும் கவனித்தார். 1944இல் அவரும் தலைமறைவாக நேர்ந்தபோது சால்வி அடிகளார் தொடர்ந்தார். இத்தாலியில் 7,000க்கும் அதிகமான யூதர் அழிக்கப்பட்டது உண்மையே. ஆனாலும் பெரும்பாலானோர் உயிர் தப்பினர். அதற்கு இத்தகைய கைமாற்றமும் ஒரு காரணம்.

பாதிக்கப்பட்டவர் மட்டுமே நடத்தும் உதவியை ஒரே நாளில் உடைத்துவிடலாம் என்பதே இதில் நமக்குள்ள பாடம். ஆபத்தில் இல்லாத அயலவர் அதை ஏந்திக்கொண்டால் உடைப்பது கடினம்.

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. சாவு வரும் முன்னரே சந்தா சேர்க்கிறோம். அதுபோல மூவினத்தாரும் இப்போதே கூடிப் பேசினால் என்ன? ஆபத்து வேளையில் நிதியை யார் வைத்திருப்பது, காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை யார் காப்பது, பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போவது என முடிவு செய்யலாம். பெயர்ப் பட்டியல் மட்டும் கண்ட கைக்குப் போகக் கூடாது. 1983இல் வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்களை நாம் அறிவோம்.

இன்று எனக்கு ஆபத்தில்லை என்று எண்ணும் குடும்பமே இந்தப் பேச்சை முதலில் தொடங்க வேண்டும். நாளை யாருடைய முறை என்று எவருக்குத் தெரியும்?