முரசு ஒலித்த வெள்ளிக்கிழமை

மதீனாவில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலம். தானிய விலை ஏறிக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நின்றபடி குத்பா உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது, ஷாம் நாட்டிலிருந்து உணவுப்பொருள் ஏற்றி வந்த வணிகக் கூட்டம் ஊருக்குள் நுழைந்தது. சரக்கு வந்துவிட்டதை அறிவிக்க முரசு அடிப்பது அக்கால வழக்கம் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சத்தம் கேட்டதும் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவராக வெளியேறினார்கள். கடைசியில் உள்ளே மிஞ்சியவர்கள் 12 பேர்.

இதை நமக்கு அறிவிப்பவர் நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இது பதிவாகியிருக்கிறது. திருக்குர்ஆனின் 62ஆம் அத்தியாயமான அல்ஜும்ஆவின் கடைசி வசனம் இந்த நிகழ்ச்சியை ஒட்டியே இறங்கியது.

எழுந்து ஓடியவர்கள் யார்? நம்பிக்கைக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டில் பாதியைக் கொடுத்தவர்கள். அவர்களைவிடப் பற்றற்ற மனிதர்களை வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முந்தாவிட்டால் தீர்ந்துவிடும் என்ற பயம் அவர்களையே எழுப்பிவிட்டது. அவர்களுடைய பயத்துக்காவது காரணம் இருந்தது. பசி உண்மையானது, சரக்கும் குறைவுதான். இன்று அந்தப் பயம் மட்டும் தனியாகத் தயாரிக்கப்படுகிறது. பசியும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. கிடங்கு நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் நிமிடங்கள் குறைவதைக் காட்டி நம்மை ஓட வைக்கிறார்கள்.

நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் வீதிகளில் ஏற்படும் நெரிசலைப் பொறுக்கமாட்டாமல், 1950களில் அமெரிக்காவின் பிலடெல்பியா போலீசார் பேச்சுவழக்கில் வைத்த பெயர் பிளாக் ஃபிரைடே. பிறகு அதுவே கடைக்காரர்களின் திருவிழாவானது. 2014இல் துபாயிலிருந்து இயங்கிய சூக்.காம் அதை அரபு நாடுகளுக்குக் கொண்டுவந்தது. ஜும்ஆ நாளைக் கறுப்பு என்று சொல்ல முடியாதல்லவா? ஒயிட் ஃபிரைடே என்று பெயரிட்டது. 2017இல் அந்த நிறுவனத்தை அமேசான் வாங்கியது. இப்போது நவம்பர் வந்தால் வளைகுடா முழுக்க ஒரே தள்ளுபடி ஆரவாரம். அங்கே உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் அதுதான். ஊருக்கு அனுப்பும் கார்கோ பெட்டியில் கோடாலித் தைலமும் டாங்கும் கம்பளியும் சென்ட்டும் போக மிச்சமிருந்த இடத்தை, வீட்டில் யாரும் கேட்காத பொருள்கள் பிடித்துக்கொள்கின்றன.

பெயரளவில் வெள்ளிக்கிழமைக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அந்த நாளுக்கு இஸ்லாம் வைத்த ஒழுங்கு என்னவென்று பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வணிகத்தை விட்டுவிட வேண்டும். தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று இறைவனின் அருளைத் தேட வேண்டும். ஓய்வுநாள் என்று ஒரு முழுநாளைக் குர்ஆன் கேட்கவில்லை. வணிகத்தை இழிவாகவும் பேசவில்லை. நடுவில் ஓர் இடைவெளியைத்தான் கேட்கிறது. ஜும்ஆ நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்கு நடக்கும் நம் ஊர் ஜவுளிக்கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அந்த அரைமணி நேரத்தில் யாரும் நஷ்டப்பட்டதில்லை. இன்றைய தள்ளுபடி விற்பனையால் பொறுக்கவே முடியாதது இந்த இடைவெளியைத்தான்.

நபிகளார் மதீனாவில் பள்ளிவாசலை அமைத்ததோடு நிற்கவில்லை. முஸ்லிம்களுக்கென்று ஒரு சந்தையையும் அமைத்தார்கள். அங்கே வரி இல்லை, வாடகையும் இல்லை. காலையில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு அந்த இடம். அவர் எழுந்து போனால் அடுத்தவருக்கு. இந்த விஷயத்தில் சந்தையும் பள்ளிவாசலைப் போன்றதே என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிலைப்பாடு. பின்னாளில் உமையா கலீஃபா ஹிஷாம் (ஆட்சிக்காலம் 724–743) அதே சந்தையில் பெரிய கட்டடம் எழுப்பி, கடைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார். அவர் இறந்த செய்தி வந்ததும் மதீனாவாசிகள் அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். நூறாண்டுக்கு முன் தங்களுக்குக் கிடைத்த திறந்த சந்தையை அந்த மக்கள் மறக்கவில்லை.

திறந்த சந்தைக்கும் கட்டுப்பாடு உண்டு. தானியக் குவியலுக்குள் நபிகளார் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை அறியாத முஸ்லிம் வீடு இருக்காது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் சொன்னார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு அடுத்தவரைச் சிக்கவைக்கும் ‘நஜ்ஷ்’ தடுக்கப்பட்டது. விற்றவரும் வாங்கியவரும் பிரியும்வரை பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் இருந்தது. தலைக்காயத்தால் நிதானம் குறைந்து, வாங்கும்போதெல்லாம் ஏமாந்த ஒரு தோழர் இருந்தார். ஏமாற்று வேலை கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்கும்படி அவருக்குக் கற்றுத்தந்தார்கள். யோசித்துத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்ததாகவும் அறிவிப்பு உண்டு. பொருளைப் பார்க்க வெளிச்சம், முடிவெடுக்க நேரம்: இந்த விதிகள் வாங்குபவருக்குத் தந்தவை இந்த இரண்டும்தான்.

விற்பவரின் நேர்மைக்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று பஸ்ராவிலிருந்து வருகிறது. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தமது இஹ்யா நூலில் அதைச் சொல்கிறார். யூனுஸ் பின் உபைத் என்பவர் துணி வணிகர். அவர் கடையில் 400 திர்ஹம் ஆடைகளும் இருந்தன, 200 திர்ஹம் ஆடைகளும் இருந்தன. சகோதரர் மகனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அவர் தொழப் போன நேரத்தில் ஒரு கிராமத்து அரபி வந்து 400 திர்ஹத்தில் ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையை எடுத்துக் காட்டினான். வந்தவருக்குப் பிடித்துவிட்டது, 400 கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்தார். தொழுதுவிட்டுத் திரும்பிய யூனுஸ் எதிரில் அவரைக் கண்டார். கையிலிருந்தது தம் கடைத் துணி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று விசாரித்தார். இது 200க்கு மேல் பெறாது, வாருங்கள் என்றார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்தியே என்று அந்த மனிதர் சொல்லியும் விடவில்லை. கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையனைக் கடிந்துகொண்டார்: உனக்கு வெட்கமாக இல்லையா, இறைவனுக்கு அஞ்சமாட்டாயா என்று. வாங்கியவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று பையன் வாதாடிப் பார்த்தான். எடுபடவில்லை.

வாங்கியவர் சம்மதித்தார் என்பதாலேயே விற்றவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. 200 ரூபாய்ப் பொருளின்மேல் 400 என்று எழுதி, அதைச் சிவப்பு மையில் அடித்து, பாதி விலை என்று விற்கும் இன்றைய வழக்கத்தை யூனுஸ் என்ன சொல்லியிருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இருட்டான இடத்தில் வைத்துத் துணியைக் காட்டுவதையும் கஸ்ஸாலி மோசடி என்றே எழுதுகிறார்.

இந்த நேர்மையைத் தனிமனிதர் மனச்சாட்சியிடம் மட்டும் விட்டுவிட்டு முஸ்லிம் சமூகங்கள் சும்மா இருக்கவில்லை. மார்க்கச் சட்டம் அறியாதவர் நம் சந்தையில் விற்க வேண்டாம் என்று உமர் (ரலி) அறிவித்திருந்தார்கள். நகரங்கள் பெருத்தபோது ‘முஹ்தஸிப்’ என்ற சந்தை மேற்பார்வையாளர் வந்தார். அவர் எடைக்கல்லைச் சோதிப்பார், பாலில் நீர் கலந்ததைப் பிடிப்பார், தரகர்களைக் கண்காணிப்பார். 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரியும் பிறகு எகிப்தில் இப்னுல் உகுவ்வாவும் (இறப்பு 1329) இந்தப் பணிக்கென்றே தொழில் தொழிலாகப் பிரித்துக் கையேடுகள் எழுதினார்கள். குடியேற்ற ஆட்சிகள் வந்த காலத்தில் அந்தப் பதவி பல நாடுகளில் நகராட்சிகளுக்குள் கரைந்துபோனது.

அந்த வேலையை இன்று வேறு சிலர் செய்கிறார்கள். தள்ளுபடி அறிவிக்கும் பொருளுக்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தள்ளுபடி விற்பனை நடத்த சவுதி அரேபியாவில் வணிக அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். இந்தியாவில் 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய முதல் பிக் பில்லியன் டே, விலை மாற்றங்கள் குறித்த புகார்களிலும் நிறுவனர்களின் மன்னிப்புக் கடிதத்திலும் போய் முடிந்தது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பட்டியலில் முதலாவது, போலி அவசரம். இன்னும் இரண்டே மிச்சம், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொய்யாகக் காட்டுவது. ஏழாம் நூற்றாண்டு மதீனா இதை நஜ்ஷின் கணக்கில்தான் சேர்த்திருக்கும் என்பது என் கருத்து. இப்படி ஒரு சட்டம் வரும்போது அதை முதலில் வரவேற்றிருக்க வேண்டியவர்கள் நாம். நம் பள்ளிவாசல்களில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

வாங்குபவரின் பக்கத்துக்கு வருகிறேன். இங்கும் ஜாபிர் (ரலி) அவர்களே கிடைக்கிறார்கள். அவருடைய தந்தை 625இல் உஹுத் போரில் உயிர்நீத்தபோது விட்டுச்சென்றவை பெண்மக்களும் கடனும்தான். கடன் கொடுத்தவர் அவகாசம் தர மறுத்தார். கடனுக்கு ஈடாகப் பேரீச்ச அறுவடையை எடுத்துக்கொள்ளும்படி நபிகளார் நேரில் சென்று கேட்டும் அவர் இணங்கவில்லை. பிறகு நபிகளார் அந்தத் தோட்டத்தில் நடந்து சென்றதும், கடன் அடைந்து பழம் மிஞ்சியதும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. கடனின் கனத்தை அந்த வீடு அறியும். மூன்று தீனார் கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்கு நபிகளார் தாமே தொழவைக்காமல் நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள்.

தவணையில் வாங்குவது கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம் என்று அனுமதித்தது. தாமதமானால் மேலும் ஏற்றுவதை வட்டி என்று தடுத்தது. ஆனால் நான்கு தவணையில் கட்டலாம் என்ற பொத்தான் இல்லாவிட்டால் அந்தப் பொருளை வாங்கியே இருக்கமாட்டோம் என்றால், அங்கே தள்ளுபடி கிடைத்தது யாருக்கு?

ஜாபிர் (ரலி) ஒருநாள் இறைச்சி வாங்கிக்கொண்டு போகிறார். உமர் (ரலி) வழியில் பார்த்துக் கேட்கிறார்கள். ஆசையாக இருந்தது, ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்கிறார். அண்டை வீட்டாரையும் உறவினரையும் விட்டுவிட்டுத் தன் வயிற்றை மட்டும் நிரப்பலாமா என்பது கலீஃபாவின் கேள்வி. இறைச்சி ஹலால், காசும் அவருடையது. குற்றமென்று எதுவும் இல்லை. வாங்குகிறவர் நினைவில் வேறொருவரும் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்த வேறொருவர் அடுத்த தெருவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் முதல் நாளே விரிசல் விழுந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த தையல் ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். அந்த நாள், 2013 ஏப்ரல் 24, கட்டடம் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர், பெரும்பாலோர் இளம்பெண்கள். மேலைநாட்டுக் கடைகளுக்கு மலிவு ஆடை தைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினர், 199 ரூபாய்ச் சட்டையைக் கையில் எடுக்கும்போது இதைத் தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு கணமாவது யோசிக்க வேண்டாமா?

மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடிக் காலத்திலும் ரமலானின் பிந்திய பத்திலும் நம் மிம்பர்களிலிருந்து கேட்பது பெரும்பாலும் ஒரே அறிவுரை: வீண்விரயம் செய்யாதீர்கள். அதுவும் பெண்களை நோக்கி. இரவுத் தொழுகையை விட்டுவிட்டுப் பெருநாள் ஜவுளி எடுக்கக் கடைத்தெருவில் நிற்கிறார்கள் என்ற குறையும் சேர்ந்துவரும். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைகளை நள்ளிரவு தாண்டித் திறந்து வைத்திருப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதே குத்பாவைக் கேட்கிறார்கள். நபிகளார் முதலில் கைவிட்டுப் பார்த்தது வியாபாரியின் தானியக் குவியலுக்குள். வாங்குபவரின் ஆசையை மட்டும் கண்டிக்கும் உரை, மார்க்கத்தின் பாதியை மறைத்துவிடுகிறது.

விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைத் திருப்பிக் கேட்கும்போதும் தாராளமாக நடந்துகொள்பவருக்காக நபிகளார் செய்த பிரார்த்தனையை நமக்கு அறிவித்தவரும் ஜாபிர் (ரலி) அவர்களே. மூன்றில் விற்பதும் ஒன்று. ஆகவே கதீப்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும் தள்ளுபடிக் காலத்தில் ஒரு ஜும்ஆவை முழுவதும் விற்பவரின் கடமைக்கு ஒதுக்குங்கள்; யூனுஸ் பின் உபைதின் கடையைப் பற்றிப் பேசுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்கள், அடித்துக் காட்டும் பழைய விலை சென்ற மாதம் உண்மையிலேயே விற்ற விலைதானா என்று பார்த்து எழுதுங்கள். வாங்கப்போகும் நாம், வெள்ளிக்கிழமை காலையில் கூடையில் போட்டதை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து இன்னொரு முறை பார்ப்போம். அதற்குள் விலை ஏறிவிடும் என்று பயமுறுத்தும் கடையில் வாங்க வேண்டாம்.