பழுது பார்த்த எஞ்சினைப் பழக்குதல்

இளங்காளையை முதல் நாளிலேயே பார வண்டியில் பூட்டும் குடியானவர் நம்மில் ஒருவரும் இலர். வெறும் நுகத்தடியில் சில நாள் நடத்தி, பின் காலி வண்டியில் பூட்டி, அதன் பிறகே பாரம் ஏற்றுவர். ஆனால் பெருந்தொகை செலவிட்டு, பிஸ்டனும் லைனரும் ரிங்குகளும் புதிதாக மாற்றிய டீஸல் எஞ்சினை மட்டும், பட்டறையிலிருந்து வந்த அன்றே கிணற்றில் நிறுத்திப் பொழுது சாயும் வரை முழுப் பாரத்தில் ஓட்டுகின்றனர். இதற்குக் காரணம் அறியாமையன்று. காலந்தவறிப் பழுது பார்ப்பதேயாம் என்பது என் அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன் மூவர் பங்குடைய ஒரு கிணற்றில், நிலக்கடலை விழுது இறங்கும் தருணத்தில் எஞ்சின் நின்றது. அவசரமாகப் பழுது பார்த்துக் கொணர்ந்தனர். தத்தம் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுக்க எவரும் இசையாமையால், விடியற்காலை முதல் ஓயாது ஓட்டினர். பிற்பகலில் பிஸ்டன் லைனரை இறுகப் பிடித்து எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி செலவு, மறுபடி தாமதம், கடலையோ காய்ந்தது. காலையில் அங்கிருந்த நானும் பயிரின் வாட்டத்தைக் கண்டு வாய் திறவாதிருந்தேன். அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

புதிய லைனரும் ரிங்குகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணிய மேடு பள்ளங்கள் உடையவை. அவை ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும் வரை உராய்வும் சூடும் மிகுதி. அப்போது முழுப் பாரம் ஏற்றினால் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு அஞ்சிச் சிலர் நாள் முழுதும் பாரமின்றி ஓட்டுவர், அதுவும் பிழையே. எரிவாயுவின் அழுத்தம் ரிங்குகளைத் தள்ளினாலன்றி அவை லைனரில் படியா. லைனரில் மெருகேறி, எஞ்சின் என்றென்றும் எண்ணெய் குடிக்கும்.

நிற்க, செய்யத்தக்கது யாதெனில்: முதலில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, கைப்பிடியால் பலமுறை சுற்றி எண்ணெயைப் பேரிங்குகளுக்கு எட்டச் செய்க. 15 நிமிஷம் பாரமின்றி ஓட்டி நிறுத்தி, சற்று ஆறியபின் பேரிங்குகளின் சூட்டைச் சோதிக்க. பின்னர்ச் சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றி, முதல் 10 மணி நேரம் அரைப் பாரத்துக்குள்ளும், 50 மணி வரை முக்காற் பாரத்துக்குள்ளும் ஓட்டுக. முதல் நாள் ஓட்டி ஆறியபின் தலைப்பாகத்து நட்டுகளை இறுக்கி, டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க. 25 மணி ஆனதும் எண்ணெயை மாற்றுக. எஞ்சினின் கைப்புத்தகத்தில் வேறு கணக்கு இருப்பின் அதுவே பிரமாணம்.

சென்ட்ரிபியூகல் பம்பில் பாரத்தைக் குறைப்பது எளிது. வெளிக் குழாயில் ஒரு வால்வு பொருத்திப் பாதி மூடினாற் போதும். மூடினால் பாரம் கூடுமென்று பலர் எண்ணுவர், உண்மை நேர்மாறாகும். முற்றிலும் மூடி வைத்தல் மட்டும் ஆகாது. குளிர்விக்கும் தண்ணீர் சில்லென்று வெளிவருவதைப் பெருமையாகக் கருதுவோரும் உளர். அது லைனரைத் தேய்க்கும். வெளிவரும் நீர் 60 முதல் 70 டிகிரி சூடாய் இருத்தல் நலம்.

பட்டறையில் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவது பரீட்சையாகாது. கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, எஞ்சின் பழகியபின் கிணற்றிலேயே முழுப் பாரத்தில் சோதித்துக் கொடுப்பதென்று முன்னரே பேசிக்கொள்ளல் இரு திறத்தார்க்கும் நன்று. கரும்புகை பாரமிகுதியையோ இன்ஜெக்டர் பழுதையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். 5 குதிரைசக்தி எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு ஏறத்தாழ 1¼ லிட்டர் டீஸல் கொள்ளும். டாங்கியில் குறியிட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, குறைந்ததை அளந்து ஊற்றினால் உண்மை விளங்கும்.

இவையனைத்துக்கும் அவகாசம் வேண்டும். வாடும் பயிர் அவகாசம் தராது. ஆகவே அறுவடை முடிந்து வயல் தரிசாய்க் கிடக்கும் நாட்களிலேயே எஞ்சினைப் பிரித்துவிட வேண்டும். கூட்டுக் கிணறுகளில் முதல் 50 மணி நேரத் தண்ணீரை எவர் முறையிலும் சேர்க்காது பொதுவாகக் கொள்ளுமாறு, கிராம அலுவலர்கள் பங்குதாரரை அழைத்து முன்கூட்டியே இணங்கச் செய்வார்களாயின், அவர்கள் தீர்க்க வேண்டிய வழக்குகளும் சில குறையும். காளைக்குக் காட்டும் பொறுமையை எஞ்சினுக்கும் காட்டுவோமாக.